விசிறி நிற்கும் சத்தம்

காலையில் எண் பதினொன்று.

மாசிலாமணி தலையணைக்கு அடியிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தான். மறுபடி அங்கேயே வைத்தான். பக்கத்தில் கீர்த்திவாசன் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் இடது மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை. அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு டிக். எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னார். மாசிதான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டான்.

பட்டைக்கு அரசாங்கம் வைத்த பெயர் அரண். அதை அணிந்தவன் இன்றைக்குத் தன் துணையை அடிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். நாடி, தோலின் ஈரம், குரல், தூக்கம் எல்லாம் பார்த்துச் சொல்லும். அறுபதைத் தாண்டினால் துணையின் கைபேசி அலறும், நாலு நிமிடத்தில் காவல் வண்டி வரும். கூடத்துச் சுவரில் அதற்குக் காது ஒன்றும் உண்டு. வெள்ளையாக, சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். அடி விழும் சத்தம் கேட்டால், எண் என்னவாக இருந்தாலும் அது வண்டியைக் கூப்பிட்டுவிடும்.

ஒரு வருடம் அணிய வேண்டும். நாளைக் காலை பத்து மணியோடு வருடம் முடிகிறது.

இந்த ஒரு வருடத்தில் கீர்த்தியின் எண் ஒருமுறைகூட முப்பதைத் தொட்டதில்லை. பாதுகாப்பு அலுவலகத்தில் அவனைத்தான் எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். மாசிக்கோ எண் பத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் பயம் வரும்.

பட்டை முதலில் மாசியின் கையில்தான் இருந்தது. முதல் தடவை அக்கம்பக்கத்தார் புகார் செய்து போலீஸ் வந்தபோது கதவைத் திறந்தவன் அவன். ஆறடி உயரம், தொண்ணூற்று நாலு கிலோ, தாடி. பின்னால் நின்றவன் ஐந்தரை அடி, கண்ணாடி போட்டவன், மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். வந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மாசியின் கையைப் பிடித்தார்கள். அவன் உதடு கிழிந்திருந்தது. "அந்தப் பையன் தடுத்திருப்பான், அதான் பட்டிருக்கு" என்றார் ஒருவர். கருவியின் படிவத்தில் கணவன், மனைவி என்று இரண்டே கட்டங்கள். பெரியவனைக் கணவனில் போட்டார்கள்.

பதினொரு நாள் அவன் அதை அணிந்திருந்தான். எண் எண்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. வண்டி தினமும் வந்து போனது. பயந்த இதயமும் கோபப்பட்ட இதயமும் அதற்கு ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, கோப்பைப் படித்துக்கொண்டே போனவர், என்ன நினைத்தாரோ, தலையைத் தூக்கிக் கீர்த்தியைக் கேட்டார். "யாருப்பா அடிச்சது?"

"நான்தான் மேடம்."

ஒரு நொடிகூட அவன் யோசிக்கவில்லை. ஐந்து மாதம் சீர்திருத்த மையம். அதன்பின் பட்டை.

கீர்த்தி அப்படித்தான். கேட்டால் சொல்லிவிடுவான். கடைக்கு வருகிறவர்களிடம் "இந்த டானிக் ஒண்ணும் பண்ணாது, காசை வேற எதுக்காவது வெச்சுக்கோங்க" என்பான். முதல் சந்திப்பில் மாசியிடம், "உங்க குரல் நல்லா இருக்கு. பாட்டு நல்லா இல்ல" என்றான். அந்த வாக்கியத்துக்குத்தான் மாசி விழுந்தான். அதுவரை அவனிடம் உண்மை பேசியவர்கள் யாரும் சிரித்த முகத்தோடு பேசியதில்லை.

"எத்தனை?" கண் திறக்காமலே கேட்டான் கீர்த்தி.

"பதினொண்ணு."

"பாத்தியா." கை நீட்டி மாசியின் தாடியை இழுத்தான். "நாளைக்கு இந்தக் கருமத்தைக் கழட்டினதும் நேரா வால்பாறை. எஸ்டேட் குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடு ரெண்டு கிலோமீட்டர். நீ, நான், சிங்கவால் குரங்கு."

"குரங்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

கீர்த்தி சிரித்தான். நல்ல சிரிப்பு. டெங்கு வந்து மாசி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் நாற்காலியிலேயே தூங்கியவனின் சிரிப்பு. மாசியும் சிரித்தான். காது மட்டும் விசிறியிடம் இருந்தது.

"இன்னிக்குத்தானே ஸ்டுடியோவுல கடைசி? வேலையை விடறேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

சொல்லவில்லை. மூன்று வாரமாகச் சொல்லவில்லை.

*

மாசிலாமணியின் வேலை சத்தம். படத்தில் ஒருவன் நடந்தால், கதவு சாத்தினால், சோறு பிசைந்தால், அந்தச் சத்தத்தை சாலிகிராமத்தில் ஓர் இருட்டறையில் திரையைப் பார்த்தபடி அவன் கையால் உண்டாக்குவான். இப்போது எல்லாம் கருவியே செய்துவிடுகிறது. ஆனாலும் சில இயக்குநர்களுக்குக் கையால் செய்த சத்தம்தான் வேண்டும்.

அன்றைக்கு வேண்டியது ஓர் அறை விழும் சத்தம். மருமகள் மாமியாரை அறைகிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷாகுல் பேசினார். இருபது வருட சவுண்ட் எஞ்சினியர். "மச்சான், இன்னும் காரம் வேணும். தியேட்டர்ல இருக்கற மாமியாருக்கெல்லாம் பல்லு கூசணும்ங்கிறார் டைரக்டர்."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா பாய்?"

"ஆனதாலதானே இந்தக் கதையே எடுக்கறார்."

மாசி பழைய ஸ்கூட்டர் சீட்டை மடியில் வைத்துக்கொண்டான். ரெக்ஸின் உறை போட்ட சீட்டு. கார் துடைக்கிற தோலை நனைத்து, பிழிந்து, இரண்டாக மடித்து, ஓங்கி இறக்கினான்.

பளார்.

"இது அடி!" என்றார் ஷாகுல். "ஓகே. டீ சாப்பிடலாம்."

டீ குடிக்கும்போது மாசி கேட்டான். "பாய், நிஜ அடி இப்படியா கேக்கும்?"

"நிஜ அடியா? எங்க வாப்பா அடிச்சா 'தொப்'புன்னு ஒரு சத்தம். தலகாணி கீழ விழுந்த மாதிரி. உம்மா அடுக்களையில இருந்து 'என்னடா உடைச்சே'ன்னுகூட கேக்க மாட்டாங்க. நிஜத்தை யாருய்யா டிக்கெட் வாங்கிப் பாப்பான்?" டம்ளரைக் கீழே வைத்தார். "அட, உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். ஆறேழு வருஷம் முன்ன ஒரு கம்பெனி வந்து நம்மகிட்ட நானூறு அடிச் சத்தம் வாங்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு நாள் அடிச்சே. கை வீங்கிப்போச்சு உனக்கு."

"விளம்பரத்துக்குன்னு சொன்னாங்க."

"விளம்பரமாவது ஒண்ணாவது. போன வாரம் அந்தக் கம்பெனி எஞ்சினியர் ஒருத்தர் இங்க வந்திருந்தார். அவர்தான் சொன்னார். வீட்டுச் சுவத்துல மாட்டறாங்கல்ல, காதுப் பெட்டி? அதுக்கு அடின்னா எப்படி இருக்கும்னு சொல்லித் தரணும்ல? வீடு வீடாப் போய் 'அம்மா, உங்க புருஷன் அடிக்கறப்ப சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறோம்'னு கேக்க முடியுமா? அதான் சினிமா அடி. உன் அடி. ஊரு பூரா சுவத்துல உன் கைச் சத்தம்தான்யா உக்காந்திருக்கு. ராயல்டி கேட்டிருக்கணும் நாம."

 டீயில் ஆடை படிந்தது.

ஆனி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எண் ஆறு. கீர்த்தி உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாசியின் காதோரம் அடித்தான். தொப். அவ்வளவுதான் சத்தம். மாசி சுவரைப் பார்த்தான். வெள்ளைப் பெட்டி வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் சொன்னான். பதிவைப் பார்த்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதன்பிறகு பல நாள், நடந்ததா என்று அவனுக்கே சந்தேகம் வந்துகொண்டிருந்தது.

"என்னய்யா, பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்துட்டே? உன் ஆளுக்கு நாளைக்கு ரிலீஸ்தானே? பிரியாணி எப்போ?"

"பாய், இந்த சீட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? தோலையும்."

"எதுக்கு?"

"சும்மா. பழகிப் பாக்க."

"இருபது வருஷமாப் பழகலையா? எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை எட்டு மணிக்கு சண்டைக் காட்சி இருக்கு. சீட்டு இல்லாம வந்துடாதே."

வேலையை விடுவதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். மாசி தலையை ஆட்டிவிட்டு எழுந்தான்.

*

நாலு மணிக்குப் பிரிசில்லா மேடம் வீட்டுக்கு வந்தார். பாதுகாப்பு அலுவலர். ஐம்பது வயது, முழங்கால் வலி, மூன்று மாடி ஏறிய மூச்சு. நாற்காலிகளையெல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்ததால் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உள்ள பாத்திரம் இல்லையே?"

"துணிதான் மேடம்."

"அப்ப சரி. ஒரு கையெழுத்து தம்பி. துணையால எனக்கு ஆபத்து இல்லைன்னு. நீங்க போட்டாத்தான் நாளைக்குக் கழட்ட முடியும். மூணு நாளைக்குள்ள போடலைன்னா மிஷினே போட்டுக்கும்."

மாசி பேனாவை வாங்கவில்லை. "ஆனி மாசம் நான் சொன்னேனே."

"சொன்னீங்க. எழுதினேன். அன்னிக்கு நம்பர் ஆறு. காதும் ஒண்ணும் கேக்கல. நான் என்ன செய்யட்டும்?"

"அவனைக் கேட்டீங்களா?"

"யாரை?"

"கீர்த்தியை."

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "நம்பர் இருக்கறப்ப எதுக்குத் தம்பி கேக்கணும்? கேட்டா எல்லாருமே இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதுக்குத்தானே மிஷினே வந்தது. என்கிட்ட நூத்தி நாப்பது வீடு. நூத்தி முப்பத்தாறுல மிஷின் சொன்னது சொன்னபடி. எத்தனை பொம்பளைங்க உசுரோட இருக்காங்க தெரியுமா அதால?"

"மீதி நாலு வீடு?"

பிரிசில்லா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மூணு வீட்டுல ஜோடியே ரெண்டு பொண்ணுங்க. நாலாவது இது." வலிக்கிற முழங்காலைத் தேய்த்துவிட்டார். "புருஷன் பொண்டாட்டி கேஸை வெச்சுப் படிச்ச மிஷின் அது. குடிச்சிட்டு வந்து கத்தறவனை வாசல்லயே கண்டுபிடிச்சிடும்."

"கத்தாதவனை?"

"அப்படிக் கேக்காதீங்க தம்பி. நான் மேல எழுதிப் போட்டிருக்கேன்."

"மறுபடி புகார் குடுத்தா?"

"ஆதாரம் இல்லாம ரெண்டாவது புகார்னா கேஸை மூடிடும். உங்க பேர் பக்கத்துல ஒரு குறி விழும். அப்புறம் நிஜமாவே கூப்பிட்டாலும் வண்டி ஆடி அசைஞ்சுதான் வரும். எதுக்கு அது? ஊர்ப்பக்கம் போய் கொஞ்ச நாள் இருங்களேன்."

"ஊர்ல எனக்குக் காரியம் பண்ணிட்டாங்க மேடம். கீர்த்தியோட பதிவு பண்ணின வாரமே. பதினாறாம் நாளுக்கு சங்கரன்கோவில்ல எங்க தெரு முழுக்கச் சாப்பாடு. தங்கச்சி ஃபோட்டோ அனுப்பினா. என் படத்துக்கு நல்ல சம்பங்கி மாலை."

பிரிசில்லா பேனாவை மூடினார்.

"ஹோம் ஏதாவது?" என்று கேட்டான் மாசி.

"ஆம்பளைக்கு ஃபாரம் இருக்கு. ஹோம் இல்ல."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். இரண்டாவது உதைப்பில் கிளம்பியது. மாசி அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை காது கொடுத்திருந்துவிட்டுக் கேட்டான்.

"மேடம், காது ஒண்ணு சொல்லி பட்டை வேற ஒண்ணு சொன்னா?"

"எப்படி?"

"அடி விழுந்ததுன்னு காது சொல்லுது. ஆனா நம்பர் அஞ்சுதான்."

"அப்படி நடந்ததே இல்ல. நடந்தா அதுக்கு ஒரு விதி இருக்கு. ரெண்டும் முரண்பட்டா அலுவலர் நேர்ல போய் ரெண்டு பேரையும் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதணும். அதுதான் முடிவு." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பயிற்சியில ஒரு தடவை படிச்சது. அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்ல. நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டுடுங்க. இதே தெருவுல இன்னும் ரெண்டு வீடு பாக்கி எனக்கு."

படி இறங்கும் சத்தம் கேட்டது. வலது கால் பலமாக, இடது கால் மெதுவாக. ஐம்பத்தி நாலு படி. மாசி கடைசிப் படி வரைக்கும் கேட்டான்.

*

ஐந்து மணிக்குக் கீர்த்தி வந்தான். கையில் மல்லிகைப்பூ போட்ட பை. நாளைக்குக் கிளம்புவதற்கு முன் சாமிக்கு. செருப்பைக் கழற்றி இரண்டையும் சுவரோடு சேர்த்து வைத்தான்.

"இது என்ன, ஸ்கூட்டர் சீட்டு?"

"ஸ்டுடியோவுலேர்ந்து. ஞாபகத்துக்கு."

"ஞாபகத்துக்கு யாராவது சீட்டைக் கொண்டுவருவானா? சிங்கவால் குரங்குக்கு ஆசனமா?" கீர்த்தி சிரித்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தான்.

அப்போது மாசியின் கைபேசி அடித்தது. பெட்டியின் மேல் இருந்தது. கீர்த்திதான் பக்கத்தில். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், திங்கக்கிழமை எட்டு இல்ல, ஏழரை," என்றார் ஷாகுல். "அடுத்த வாரம் முழுக்க உன்னைத்தான் போட்டிருக்கேன். சீட்டை மறந்துடாத."

"சரி பாய். சொல்லிடறேன்," என்றான் கீர்த்தி. மரியாதையாகச் சொன்னான். அழைப்பை முடித்தான். கைபேசியை மாசியிடம் நீட்டினான்.

எண் பத்து.

"காலையில கேட்டேன். சொல்லிட்டேன்னு சொன்னே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அது இல்ல நீ சொன்னது. சொல்லிட்டேன்னு சொன்னே."

அவன் குரல் உயரவில்லை. தாழ்ந்தது. குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். துண்டால் துடைத்தான். துண்டை நாலாக மடித்துக் கம்பியில் போட்டான். ஒவ்வொன்றும் மாசிக்குத் தனித்தனிச் சத்தமாகக் கேட்டது. திரை இல்லாத படம். எந்தக் காட்சி அடுத்து வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒன்பது. ஏழு.

"நான் உன்கிட்ட ஒரு பொய்கூடச் சொன்னதில்ல மாசி."

"தெரியும்."

"அப்ப நீ மட்டும் ஏன்?"

கண்ணாடியைக் கழற்றி அதன் சின்னப் பெட்டியில் வைத்தான். பெட்டி மூடிக்கொண்டது. பூப்பையை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். ஜன்னலைச் சாத்தினான். கொக்கி விழுந்தது. பட்டையின் புள்ளி பச்சை. இவ்வளவு பச்சையாக அது எப்போதும் இருந்ததில்லை.

ஐந்து.

"இந்தச் சத்தத்துல பேச முடியல," என்றான் கீர்த்தி. விசிறியை நிறுத்தினான்.

டிக். டிக். டிக்.

அது நிற்பதற்குப் பத்தொன்பது சுற்று ஆகும். மாசி எண்ணியிருந்தான். கடைசி டிக் வரை கீர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு திரும்புவான். ஆனியிலும் அப்படித்தான். அதற்கு முன்பும். அப்போதெல்லாம் மாசி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். தொண்ணூற்று நாலு கிலோ. ஒரு கையால் கீர்த்தியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். வைத்தால் போதும், பட்டை மறுபடி யார் கைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒன்பதாவது சுற்று. பத்து.

வால்பாறையில் பக்கத்து வீடு இரண்டு கிலோமீட்டர். அங்கே சுவரில் காது இருக்காது.

பன்னிரண்டு. பதின்மூன்று.

மாசி தரையில் உட்கார்ந்தான். சீட்டை மடிக்கு இழுத்தான். பையிலிருந்த தோலில் இன்னும் ஈரம் இருந்தது. இரண்டாக மடித்தான்.  

டிக்.

டிக்.

ஓங்கி இறக்கினான்.

பளார்.

சுவரில் வெள்ளைப் பெட்டி சிவந்தது. ஆறேழு வருடம் முன்பு தனக்குச் சொல்லிக்கொடுத்தவனின் கையை அது உடனே அடையாளம் கண்டுகொண்டது. "அடி பதிவானது," என்றது ஒரு பெண் குரல். "வண்டி வருகிறது. விலகி நில்லுங்கள்."

கீர்த்தி திரும்பினான். இருவருக்கும் நடுவே மூன்று எட்டு. அவன் கை இடுப்பு உயரத்தில், விரல்கள் மடங்காமல், உள்ளங்கை வெளியே தெரிய நின்றிருந்தது. அதை அவனே அப்போதுதான் பார்த்தான்.

"நான் உன்னைத் தொடவே இல்லையே."

"இல்ல."

"அப்ப எதுக்குடா?"

"யாராவது உன்னைக் கேக்கணும்னு."

சொல்லி முடித்த பிறகுதான் மாசிக்கு உறைத்தது. கேட்பார்கள். கீர்த்தி உண்மையைச் சொல்வான். அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அடித்தாயா என்று கேட்டால், இல்லை என்பதுதான் உண்மை.

சீட்டு மடியிலேயே இருந்தது. நாலு நிமிடம். விசிறி நின்றுவிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாசிக்கு அந்தக் குறியின் நினைவு வந்தது, பெயருக்குப் பக்கத்தில் விழப்போகும் குறி. பொய்ச் சத்தம் எழுப்பியவன். கீர்த்தி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாக இருந்தது. ஈரத் தோலை, சீட்டை, மாசியின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"எத்தனையாவது சுத்துல அடிச்சே?" என்று கேட்டான்.

"பதினஞ்சு."

"எண்ணுவியா?"

"ஒவ்வொரு தடவையும்."



படிகளில் பூட்ஸ் சத்தம். இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் வலது கால் பலமாக, இடது கால் மெதுவாக.

வந்த கான்ஸ்டபிள்களில் ஒருவர் மாசியையும் கீர்த்தியையும் பார்த்தார். பிறகு மாசியின் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"அவர் இல்ல," என்றார் பிரிசில்லா, மூச்சு வாங்கியபடி. கையிலிருந்த கணினிப் பலகையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "காது அடின்னு சொல்லுது. நம்பர் அஞ்சு." மாசியைப் பார்த்தார். மடியிலிருந்த சீட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு அவன் கேட்ட கேள்வி அவர் முகத்தில் வந்து நின்றது. கோபப்படுவார் என்று மாசி நினைத்தான். அவர் பலகையில் விரலால் தள்ளித் தள்ளி அந்தப் பக்கத்தைத் தேடினார். கிடைக்க நேரமாயிற்று. பிறகு கீர்த்தியின் எதிரே இருந்த பெட்டியில் உட்கார்ந்தார்.

"நான் கேக்கறேன், நீங்க சொல்றதை அப்படியே எழுதுவேன். சரியா?"

"சரி மேடம்."

"இவரை அடிச்சீங்களா?"

கீர்த்தி விசிறியை அண்ணாந்து பார்த்தான். மாசி தரையைப் பார்த்தான்.

"இன்னும் இல்ல," என்றான் கீர்த்தி.

பிரிசில்லாவின் விரல் எழுதாமல் நின்றது. "இன்னும்னா?"

"அது நின்னதும் அடிச்சிருப்பேன்."

"பட்டை போட்டப்புறம் எப்பவாவது?"

"ஆனி மாசம். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. காதுல." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப யாரும் கேக்கலையே மேடம்."

அவர் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினார். கீர்த்தி ஒரே ஒரு திருத்தம் சொன்னான். அவர் திருத்திக்கொண்டார். கான்ஸ்டபிள் தோளைத் தொட்டதும் எழுந்தான். செருப்பைப் போட்டுக்கொண்டான். கண்ணாடியை மறந்துவிட்டான். மாசி பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். வாங்கும்போது கீர்த்தியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மாசி போய் விசிறியைப் போட்டான். முதல் டிக் வருவதற்குள் அவன் கைபேசி அலறத் தொடங்கியது. இந்த ஒரு வருடத்தில் அது அலறியதே இல்லை. திரையில் சிவப்பு எழுத்தில் அறுபத்து மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபது.

"இப்ப எதுக்குத் தம்பி அலறுது?" என்றார் பிரிசில்லா. "கீழ வண்டியிலதானே உக்காந்திருக்கார்?"

"பயந்துட்டான் மேடம்," என்றான் மாசி.